மின்மினி வெளிச்சத்தில் கிருமி தேடிய கதை

மின்மினிப் பூச்சியைப் பிடிச்சு தீப்பெட்டிக்குள்ள அடைச்சு, இருட்டில் திறந்து பார்த்த பாவம் நம்மில் பல பேருக்கு இருக்கும். அதற்கு ஒருத்தர் காசு கொடுத்தால் எப்படி இருக்கும்? அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்துப் பொடியன்களுக்கு அந்த யோகம் அடித்தது. 1940களின் பிற்பகுதியில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் மெக்எல்ராய் என்கிற விஞ்ஞானி நூறு மின்மினிக்கு 25 சென்ட் என்று விலை வைத்து வாங்கினார். கோடைக்காலம் வந்தால் சாயங்காலம் பாட்டிலும் கையுமாகப் பசங்க கிளம்பிடுவாங்க.

ஆள் ஏதோ கிறுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பின்னாளில் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கே இயக்குநராக இருந்தவர் (1969 முதல் 1972 வரை). அவர் அன்றைக்கு அந்தப் பூச்சிகளை வாங்கி என்ன கண்டுபிடித்தாரோ, அதுதான் இன்றைக்கு உலகம் முழுக்க இறைச்சி, பால், ஐஸ்கிரீம் தொழிற்சாலைகளில் "இந்த மெஷினைச் சுத்தமாகக் கழுவியாச்சா?" என்ற கேள்விக்குப் பதினைந்து வினாடியில் பதில் சொல்கிறது.

இந்தப் பதிவு அந்தப் பதினைந்து வினாடி எப்படி வந்தது என்பதைப் பற்றி. அதைவிட முக்கியமாக, அந்தப் பதினைந்து வினாடியால் சொல்ல முடியாதது எது என்பதைப் பற்றி. கொஞ்சம் நீளம்தான், டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க :-)

சமையலறையிலிருந்து வந்த ஜெல்லி

முதலில் பழைய முறை. ஒரு மேஜையில் பாக்டீரியா இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அதை வளர விட்டு, கூட்டமாக ஒரு புள்ளியாக ஆன பிறகு பார்க்க வேண்டும். ஜெர்மனியில் ராபர்ட் கோக் ஆரம்பத்தில் வெட்டின உருளைக்கிழங்கு மேல் வளர்த்துப் பார்த்தார். பிறகு ஜெலட்டின். அதில் இரண்டு தொல்லை. உடம்புச் சூட்டில் வைத்தால் உருகிவிடும். சில பாக்டீரியாக்கள் ஜெலட்டினையே சாப்பிட்டுக் கூழாக்கிவிடும்.

இதற்குத் தீர்வு சொன்னவர் ஒரு இல்லத்தரசி. வால்தர் ஹெஸ்ஸே என்பவர் கோக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே வீட்டில் ஜாம், ஜெல்லி செய்ய அகர் அகர் போடுவார். நம்மூரில் கடல்பாசி என்று சொல்லி வாங்குகிறோமே, அதேதான். வெயில் காலத்திலும் உருகாமல் நிற்கும். 1881ல் "இதைப் போட்டுப் பாருங்களேன்" என்று அவர் சொல்ல, உலகத்து நுண்ணுயிர் ஆய்வகங்கள் எல்லாம் இன்றுவரை அதில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1887ல் கோக்கின் இன்னொரு உதவியாளர் பெட்ரி, மூடி போட்ட தட்டையான கண்ணாடித் தட்டைக் கொண்டுவந்தார். அவ்வளவுதான், செட்டு முழுமையாகிவிட்டது.

தொழிற்சாலையிலும் இதே கதைதான். பஞ்சுக்குச்சியால் மெஷினைத் துடை, தட்டில் தேய், கதகதப்பான பெட்டியில் வை, ஒருநாள் அல்லது இரண்டு நாள் கழித்து எண்ணு. முறையில் தப்பே இல்லை. தப்பு நேரத்தில். ராத்திரி ஷிஃப்ட் கழுவுகிறது, காலை ஆறு மணிக்கு உற்பத்தி ஆரம்பிக்கிறது. நாளை மறுநாள் "முந்தாநாள் மெஷின் அழுக்காக இருந்தது" என்று ரிசல்ட் வந்தால், அதற்குள் சரக்கு லாரி ஏறி, கடைக்குப் போய், யாரோ ஒருவர் வீட்டு ஃபிரிட்ஜில் உட்கார்ந்திருக்கும்.

ஆக, தேவைப்பட்டது வேகம்.

பூச்சியின் வெளிச்சம்

1885ல் ரஃபேல் துபுவா என்கிற பிரெஞ்சுக்காரர் ஒளிரும் வண்டு ஒன்றை வைத்து ஒரு சோதனை செய்தார். வண்டின் ஒளிரும் பகுதியைக் குளிர்ந்த நீரில் அரைத்தார். கொஞ்ச நேரம் ஒளிர்ந்து அணைந்தது. இன்னொன்றை வெந்நீரில் போட்டார். உடனே அணைந்தது. ஆறின பிறகு இரண்டையும் கலந்தார். மறுபடி வெளிச்சம்! ஆகவே உள்ளே இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. ஒன்று எரிபொருள் மாதிரி, சூட்டைத் தாங்கும். இன்னொன்று அதை எரிய வைக்கும் நொதி, சூட்டில் செத்துவிடும். 1887ல் இவற்றுக்கு லூசிஃபெரின், லூசிஃபெரேஸ் என்று பெயர் வைத்தார்.

ஆனால் மின்மினியைப் பொறுத்தவரை மூன்றாவதாக ஒன்று தேவைப்பட்டது. அதைப் பிடித்தவர்தான் நம்ம மெக்எல்ராய். மின்மினிகளின் வாலை அரைத்து எடுத்த சாறு அணைந்த பிறகு, அதில் ஏடிபி என்ற பொருளைச் சேர்த்தார். பளிச்சென்று மறுபடி எரிந்தது. 1947ல் இதை வெளியிட்டார்.

ஏடிபி என்றால் என்ன? பள்ளிக்கூட உயிரியலில் "செல்லின் ஆற்றல் நாணயம்" என்று படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்தோமே, அதே. பாக்டீரியா, செடி, மாடு, மனிதன் என்று எல்லா உயிரும் செலவு செய்வது இந்தக் காசைத்தான். இங்கே கவனிக்க வேண்டியது, வெளிச்சத்தின் அளவு ஏடிபியின் அளவைப் பொறுத்தது. ஏடிபி அதிகம் என்றால் வெளிச்சம் அதிகம். இதைத் திருப்பிப் போட்டால் வெளிச்சத்தை அளந்து ஏடிபியைக் கண்டுபிடிக்கலாம். ஏடிபி இருந்தால் அங்கே உயிர் இருக்கிறது, அல்லது கொஞ்சம் முன்னாடி வரை இருந்தது.

உடனே நாசாவுக்கு மூக்கு வியர்த்தது. 1960களில் செவ்வாய் கிரகத்தில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க என்னென்ன கருவி அனுப்பலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த காலம். எம்மெட் சாப்பெல் என்கிற ஆப்பிரிக்க அமெரிக்க விஞ்ஞானி, மின்மினிச் சாறை வைத்து இதைச் செய்யலாம் என்று வேலை பார்த்தார். கடைசியில் 1976ல் வைக்கிங் விண்கலம் வேறு சோதனைகளைத்தான் கொண்டுபோனது, மின்மினி செவ்வாய்க்குப் போகவில்லை. ஆனால் சாப்பெல் விடவில்லை. கிரேஸ் பிச்சோலோ என்ற சக விஞ்ஞானியுடன் சேர்ந்து இதைப் பூமியில் பயன்படுத்தினார். சிறுநீரில் பாக்டீரியா இருக்கிறதா என்று சட்டென்று பார்க்கும் முறை அது. முதலில் மனித செல்களின் ஏடிபியை ஒழித்துவிட்டு, பிறகு பாக்டீரியாவை உடைத்து அதன் ஏடிபியை மட்டும் அளப்பது. 2007ல் அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் அவையில் அவருக்கு இடம் கொடுத்தார்கள்.

இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் செய்ததில் முதல் படி "மத்தவங்க ஏடிபியை ஒழிப்பது". தொழிற்சாலைக்கு வந்தபோது அந்தப் படி கழன்று போய்விட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பூச்சி பிடிக்கும் தொழிலும் பெருசாகத்தான் வளர்ந்தது. செயின்ட் லூயிஸ் நகரத்தில் சிக்மா என்ற ரசாயனக் கம்பெனி, "மின்மினி விஞ்ஞானிகள் சங்கம்" என்று பெயர் வைத்து அமெரிக்கா முழுக்கப் பசங்களை விட்டுப் பூச்சி பிடித்தது, 1990கள் வரைக்கும். ஆனால் 1985லேயே கலிஃபோர்னியாவில் ஒரு குழு (மெக்எல்ராயின் மனைவி மர்லீன் டெலூகாவும் அதில் ஒருவர்) மின்மினியின் லூசிஃபெரேஸ் ஜீனை எடுத்து ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து, அதை அந்த நொதியைச் செய்ய வைத்துவிட்டது. அதற்கப்புறம் பூச்சிகளுக்கு விடுதலை. பாக்டீரியாவைப் பிடிக்க உதவும் நொதியைப் பாக்டீரியாவே தயாரித்துக் கொடுக்கிறது. முள்ளை முள்ளால் எடுப்பது என்பது இதுதான்.

பதினைந்து வினாடியும் அதன் அர்த்தமும்

1980களின் கடைசியில் இது தொழிற்சாலைக்குள் வந்தது. வேல்ஸில் பயோட்ரேஸ் என்ற கம்பெனி இதற்காகவே தொடங்கப்பட்டது. 2006ல் 3எம் அதை வாங்கியது. 2022ல் 3எம் தன் உணவுப் பாதுகாப்புப் பிரிவையே நியோஜென் கம்பெனியோடு சேர்த்துவிட்டது. ஜப்பானில் இந்தக் கருவியை விற்பது யார் தெரியுமா? கிக்கோமான். ஆமாம், சோயா சாஸ் கிக்கோமானேதான்!

செய்முறை ரொம்ப சிம்பிள். குழாய்க்குள் இருக்கும் பஞ்சுக்குச்சியை எடுத்து, மெஷினில் உள்ளங்கை அளவு இடத்தைத் துடைத்து, திரும்பக் குழாயில் போட்டு, மேலே இருக்கும் குமிழை உடைத்தால் மின்மினி ரசாயனம் கீழே இறங்கும். குலுக்கி, கையடக்கக் கருவிக்குள் வைத்தால் திரையில் ஒரு எண். சில கருவிகளில் 10க்குக் கீழே என்றால் பாஸ், 30ஐத் தொட்டால் ஃபெயில். வேறு கம்பெனிக் கருவியில் கோடே நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒரு கருவியின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடக்கூடாது. அலகின் பெயரே "ஒப்பு ஒளி அலகு" என்றுதானே இருக்கிறது.

இதனால் நடந்த நல்லது நிறைய. முன்பு கழுவுகிறவருக்குத் தன் வேலை சரியா தப்பா என்று தெரிய இரண்டு நாள் ஆகும். அதற்குள் அவரே எதை எப்படிக் கழுவினார் என்று மறந்திருப்பார். இப்போது அவர் கண்ணெதிரிலேயே எண் வருகிறது. ஃபெயில் என்றால் மெஷினை ஓட்டும் முன்னாலேயே மறுபடி கழுவலாம். கோடு எழுதின உடனே கம்பைலர் திட்டுவதற்கும், ஆறு மாதம் கழித்து கஸ்டமர் திட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாதா என்ன.

நிற்க. இப்போது அந்தக் கழன்று போன படிக்கு வருவோம்.

மெஷின் மேல் ஒட்டியிருக்கும் இறைச்சித் துணுக்கிலும் ஏடிபி இருக்கிறது. பாலில், காய்கறிச் சாற்றில், வேலை செய்கிறவர் விரல் ரேகையில் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஒரு பாக்டீரியாவில் இருக்கும் ஏடிபி ஒரு கிராமைக் கோடி கோடியாகப் பிரித்து அதையும் பத்தாகப் பிரித்தாற்போன்ற அளவு. ஒரு சின்ன இறைச்சிக் கீற்றுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. தொழிற்சாலைக்காரர்கள் அந்தப் படியை வேண்டுமென்றேதான் விட்டார்கள். அவர்கள் தேடியது அழுக்கை. அழுக்கு இருந்தால் அதைத் தின்று பாக்டீரியா வளரும், ஆகவே அழுக்கைப் பிடித்தால் போதும் என்பது கணக்கு. நியாயமான கணக்குதான்.

ஆனால் அதற்கு ஒரு விலை. திரையில் 5 என்று வந்தால் "இங்கே அழுக்கு குறைவு" என்று அர்த்தம். "இங்கே ஆளைக் கொல்லும் கிருமி இல்லை" என்று அர்த்தமில்லை. பத்து கெட்ட பாக்டீரியா அங்கே உட்கார்ந்திருந்தால் இந்தக் கருவிக்குத் தெரியவே தெரியாது. திரையில் பச்சை விளக்குதான் எரியும்.

ஃபிரிட்ஜில் வளரும் பிசாசு

அந்தப் பத்து பாக்டீரியா யார்? பல நேரங்களில் அதன் பெயர் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ்.

1926ல் கேம்பிரிட்ஜில் ஆய்வகத்து முயல்கள் சாவதைப் பார்த்து முர்ரே என்பவரும் கூட்டாளிகளும் இதைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருஷமே தென்னாப்பிரிக்காவில் பிரீ என்பவர் காட்டு எலி வகை ஒன்றில் இதையே பார்த்தார். அறுவை சிகிச்சையில் கிருமிநாசினியைக் கொண்டுவந்த ஜோசஃப் லிஸ்டரின் நினைவாக அவர் வைத்த பெயர்தான் இன்றைய பெயருக்கு மூலம். சுத்தத்தைச் சொல்லிக் கொடுத்தவர் பேரை, சுத்தம் பண்ணினாலும் போகாத கிருமிக்கு வைத்திருக்கிறார்கள், பாவம் லிஸ்டர்!

இது சாப்பாட்டின் வழியாக மனிதனுக்கு வருகிறது என்று உறுதியாகத் தெரிய 1980கள் ஆகிவிட்டது. 1981ல் கனடாவின் கிழக்கு மாகாணங்களில் 41 பேருக்கு வந்தது. அதில் 34 கர்ப்பிணிகளும் பச்சிளம் குழந்தைகளும் சம்பந்தப்பட்டவை. தேடிப் போனால் முட்டைக்கோஸ் சாலட். அந்தக் கோஸ் விளைந்த தோட்டத்துக்குப் போட்ட உரம் ஆட்டு எரு, அந்த ஆடுகளில் லிஸ்டீரியா நோய் இருந்திருக்கிறது. கோஸைக் குளிர்ந்த கிடங்கில் மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். 1985ல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் மெக்சிகோ பாணி மென்பாலாடைக்கட்டியால் 142 பேருக்கு வந்து, கருவிலிருந்த சிசுக்களையும் சேர்த்து 48 உயிர் போயிற்று.

இந்தக் கிருமிக்கு மூன்று கெட்ட குணம். ஒன்று, மற்ற கிருமிகள் அடங்கிக் கிடக்கும் ஃபிரிட்ஜ் குளிரிலும் இது மெதுவாக வளரும். இரண்டு, தொழிற்சாலையில் ஈரமான இடுக்கு, வடிகால், மெஷின் மூட்டு என்று கிடைத்த இடத்தில் பிசுபிசுப்பான படலம் கட்டி வருஷக்கணக்கில் குடியிருக்கும். மூன்று, சாப்பிட்டு பத்து வாரம் வரை கழித்துக்கூட நோய் வரலாம். இரண்டு மாதம் முன்னால் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

வெந்த இறைச்சியில் இது பிழைக்காது. வெந்த பிறகு, துண்டு போடும் மெஷினில்தான் வந்து ஒட்டும். ஆகவேதான் மெஷினின் மேற்பரப்பில் தேடுவது இத்தனை முக்கியமாயிற்று.

பெயர் கேட்கும் கருவிகள்

"அழுக்கா?" என்று கேட்டால் போதாது, "நீ லிஸ்டீரியாவா?" என்று பேர் சொல்லிக் கேட்க வேண்டும். பழைய தட்டு முறையில் "இல்லை" என்று சொல்ல மூன்று நான்கு நாள், "ஆமாம்" என்று உறுதிசெய்ய ஒரு வாரம் வரை ஆகும்.

1971ல் ஸ்டாக்ஹோமில் எலைசா வந்தது. நோய் எதிர்ப்பொருள் ஒரு கிருமியை மட்டும் பிடித்து நிறம் மாறும். கர்ப்பப் பரிசோதனைப் பட்டை மாதிரியே லிஸ்டீரியாவுக்கும் பட்டை வந்தது. 1983ல் கேரி முல்லிஸ் பிசிஆர் முறையை யோசித்தார், 1990களில் அது உணவுத் தொழிற்சாலைக்கு வந்தது. 2000ல் ஜப்பானில் லேம்ப் முறை. பிசிஆர் மாதிரி சூடாக்கி ஆற்றி சூடாக்கி என்று இழுக்காமல், ஒரே சூட்டில் டிஎன்ஏவைப் பெருக்கும். 3எம் கொண்டுவந்த லேம்ப் கருவியில் ஒரு வேடிக்கை. டிஎன்ஏ பெருகும்போது வெளியாகும் கழிவுப் பொருளை ஏடிபியாக மாற்றி, அதை லூசிஃபெரேஸ் கொண்டு ஒளிர வைத்துத்தான் ரிசல்ட் பார்ப்பார்கள். சுற்றிச் சுற்றி மறுபடி மின்மினி! ஆனால் இந்த முறை அந்த வெளிச்சம் லிஸ்டீரியா என்ற பேரைச் சொல்கிறது.

ஒரு மணி நேரத்தில் ரிசல்ட் என்று விளம்பரம் செய்வார்கள். பொய்யில்லை. ஆனால் இட்லி அரைமணி நேரத்தில் வெந்துவிடும் என்று சொல்வதுபோலத்தான் அது. மாவு ராத்திரி முழுக்கப் புளிக்கணுமே, அந்தக் கணக்கு?

ஏன் ஊற வைக்க வேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். துடைத்த பஞ்சில் 10 கிருமி இருக்கிறது, 10 மில்லி திரவத்தில் கரைக்கிறோம். பிசிஆர் குழாய்க்குள் போவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கிருமி ஒன்றாவது உள்ளே போக வாய்ப்பு நூற்றில் ஒன்று! ஆகவே முதலில் சத்தான திரவத்தில் ஒரு நாள் வளர விட வேண்டும். மணிக்கு ஒரு தடவை இரட்டிப்பானால் 20 மணி நேரத்தில் பத்து லட்சம் மடங்கு. அப்புறம் எங்கே தொட்டாலும் கிருமி. இன்னொரு காரணமும் உண்டு. மருந்து போட்டுக் கொன்ற கிருமியின் டிஎன்ஏ மெஷின் மேலேயே கிடக்கும். பிசிஆருக்குச் செத்ததா உயிரோடு இருக்கிறதா என்று தெரியாது. வளர விட்டால் உயிருள்ளது மட்டும்தான் பெருகும்.

ஆக, ஒரு வாரம் என்பது ஒன்றிரண்டு நாளாகக் குறைந்தது. ஃபேனி ஹெஸ்ஸே காலத்திலிருந்து பார்த்தால் பெரிய சாதனை. ஆனாலும் "வளரட்டும், காத்திரு" என்ற விதியை இன்னும் முழுசாக உடைக்க முடியவில்லை.

டொரொண்டோ, 2008

இப்போது கதையின் கஷ்டமான இடம்.

2008 கோடையில் கனடாவில், முக்கியமாக ஒன்டாரியோ மாகாணத்தில், முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் இருந்தவர்களுக்கு லிஸ்டீரியா வர ஆரம்பித்தது. மொத்தம் 57 பேர், விசாரணை அறிக்கையின் கணக்குப்படி 22 பேர் இறந்தார்கள். சாண்ட்விச்சுக்கு வைக்கும் துண்டு இறைச்சி காரணம். டொரொண்டோவில் மேப்பிள் லீஃப் ஃபுட்ஸ் கம்பெனியின் ஒரு தொழிற்சாலையில் தயாரானது.

தொழிற்சாலையை மூடி, பெரிய வெட்டும் மெஷின்களை நட்டு போல்ட் வரை கழற்றிப் பார்த்தார்கள். உள்ளே, ரொம்ப ஆழத்தில், இறைச்சித் துணுக்கு சேர்ந்திருந்தது. மெஷின் தயாரித்தவர் சொன்ன முறைப்படிதான் கழுவினோம் என்று கம்பெனி சொன்னது. தலைவர் மைக்கேல் மெக்கெயின் தொலைக்காட்சியில் வந்து நேரடியாக மன்னிப்புக் கேட்டார். வக்கீல் பின்னால் ஒளிந்துகொள்ளாமல் பேசியதற்காக இன்றும் மேலாண்மை வகுப்புகளில் அதை உதாரணமாகச் சொல்கிறார்கள்.

ஆனால் எனக்கு உறைத்தது வேறு விஷயம். கனடா அரசு ஷீலா வெதரில் என்பவரைத் தனி விசாரணை அதிகாரியாக நியமித்தது. 2009 ஜூலையில் 57 பரிந்துரைகளுடன் அறிக்கை வந்தது. அதில் உள்ள செய்தி இது: அந்தத் தொழிற்சாலையில் லிஸ்டீரியா பரிசோதனை நடந்துகொண்டுதான் இருந்தது. 2007லும் 2008லும் அதே வெட்டும் வரிசைகளில் விட்டு விட்டு லிஸ்டீரியா இனம் கண்ணில் பட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் மருந்து போட்டுக் கழுவினார்கள், மறுபடி சோதித்தார்கள், "இல்லை" என்று வந்தது, சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள். கொஞ்ச நாளில் மறுபடி வந்தது. மறுபடி கழுவினார்கள். இந்த ரிசல்ட்டுகளை எல்லாம் வரிசையாக ஒரே காகிதத்தில் போட்டு "ஏன் இதே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது?" என்று யாரும் கேட்கவில்லை. அரசு ஆய்வாளரிடம் சொல்லவேண்டும் என்று அன்றைக்குச் சட்டமும் இல்லை.

சாஃப்ட்வேர் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. தினம் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு சர்வர் படுத்துக்கொள்ளும். ஆன்-காலில் இருக்கிறவர் ரீஸ்டார்ட் செய்வார், டிக்கெட்டை மூடுவார். நாளைக்கு வேறொருவர், வேறொரு டிக்கெட், அதே ரீஸ்டார்ட். மாதக் கடைசியில் ரிப்போர்ட் எடுத்தால் எல்லா டிக்கெட்டும் சராசரி பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். மெமரி எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கிறவர் யாரும் கிடையாது. நம்ம ஊர் சர்வர் படுத்தால் யாருக்கும் உயிர் போகாது. அங்கே போயிற்று.

"இல்லை" என்று வந்த ரிசல்ட் பொய்யும் இல்லை. துடைத்த இடத்தில் அன்றைக்கு இல்லைதான். பஞ்சுக்குச்சி தொட்ட இடத்தைப் பற்றி மட்டுமே பேசும். கிருமி இருந்தது பஞ்சு போகாத ஆழத்தில். மெஷின் ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து, கழுவினதும் காணாமல் போய், மறுபடி வந்து எட்டிப் பார்த்தது. ஒற்றை ரிசல்ட் எதுவும் அதைக் காட்டியிருக்காது. வரிசைதான் காட்டியிருக்கும்.

தேடாமல் இருப்பதில் உள்ள லாபம்

இது ஒரு கம்பெனியின் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் புளூ பெல் ஐஸ்கிரீமால் 10 பேர் பாதிக்கப்பட்டு 3 பேர் இறந்தது 2015ல் தெரியவந்தது. அவர்களின் ஓக்லஹோமா தொழிற்சாலையில் 2013லேயே மேற்பரப்புச் சோதனையில் லிஸ்டீரியா இனம் தென்பட்டிருந்தது என்று அரசு ஆய்வில் தெரிந்தது. பங்குதாரர் ஒருவர் போட்ட வழக்கில் 2019ல் டெலவேர் உச்ச நீதிமன்றம் வழக்கு நடக்கலாம் என்று சொன்னது. உணவுப் பாதுகாப்பைப் பார்க்க இயக்குநர் குழுவில் ஒரு கமிட்டிகூட இல்லை, சோதனை முடிவுகள் குழுவின் காதுக்கே போகவில்லை என்பதுதான் அங்கே வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. 2020ல் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 17.25 மில்லியன் டாலர் கட்டியது.

தென்னாப்பிரிக்காவில் 2017, 2018ல் நடந்ததுதான் பதிவானதிலேயே பெரியது. 1,060 பேர், 216 சாவு. சொவேட்டோவில் ஒரு மழலையர் காப்பகத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வர, அங்கே ஃபிரிட்ஜில் இருந்த பொலோனி என்ற மலிவு இறைச்சியைப் பிடித்து, அதன் வழியே பொலோக்வானே நகரத்துத் தொழிற்சாலைக்குப் போனார்கள். நோயாளிகளிடம் எடுத்த கிருமியின் மரபணு வரிசையும் தொழிற்சாலைக்குள் எடுத்ததும் ஒன்றாக இருந்தது. பிரீ அதே நாட்டில் இந்தக் கிருமியைப் பார்த்து 90 வருஷம் ஆகியிருந்தது.

இதில் ஒரு சங்கடமான பொருளாதாரம் இருக்கிறது. உணவு தொடும் மேற்பரப்பில் லிஸ்டீரியா தேடினால், ரிசல்ட் வரும்வரை சரக்கை நிறுத்தி வைக்க வேண்டும். கண்டுபிடித்தால் அழிக்க வேண்டும். தேடாவிட்டால் எதுவும் இல்லை! ஆகவே தேடாமல் இருப்பது, அல்லது கிடைக்காத இடமாகப் பார்த்துத் தேடுவது லாபம். ஒரு வாரத்தை ஒரு நாளாக்கிய விஞ்ஞானிகள் செய்த பெரிய உபகாரம், இந்தக் கணக்கை மாற்றியது. ஒரு நாள் சரக்கை நிறுத்தி வைப்பது கட்டுப்படியாகும், ஒரு வாரம் ஆகாது. வேகம் நேர்மையைக் கொஞ்சம் மலிவாக்குகிறது.

ஆனால் முழுசாக இலவசமாக்காது. அதற்குச் சட்டம் வேண்டும். கனடாவில் 2009 ஏப்ரலில் இருந்து இப்படிப்பட்ட இறைச்சித் தொழிற்சாலைகள் மேற்பரப்பைச் சோதித்தே ஆகவேண்டும், கிடைத்தால் உடனே அரசிடம் சொல்ல வேண்டும், முடிவுகளைப் போக்கு பார்த்து ஆராய வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். 22 பேருக்கு அப்புறம்.

சட்டம் இருந்தாலும் வாசிக்க ஆள் வேண்டும் என்பதற்கு 2024ல் அமெரிக்காவில் போர்ஸ் ஹெட் இறைச்சி. 61 பேர் பாதிக்கப்பட்டு 10 பேர் இறந்தார்கள். வர்ஜீனியாவில் இருந்த அந்தத் தொழிற்சாலையைப் பற்றி அரசு ஆய்வாளர்கள் ஒரு வருஷமாகக் குறை எழுதிக்கொண்டே வந்திருந்தார்கள். எல்லாம் எழுத்தில் இருந்தது. ஒவ்வொன்றும் தனித்தனித் தாளாக.

டிக்கெட் மூடுவது மாதிரியேதான்.

கருவிகள் இனியும் வேகமாகும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பதினைந்து வினாடியில் அழுக்கைச் சொல்லும் கருவி, ஒருநாள் பதினைந்து வினாடியில் லிஸ்டீரியாவின் பேரையும் சொல்லலாம். சொல்லட்டும், ரொம்ப நல்லது. ஆனால் டொரொண்டோவில் குறைந்தது வேகம் இல்லை. பதில்கள் வந்துகொண்டுதான் இருந்தன. போன மாத ரிசல்ட்டையும் இந்த மாத ரிசல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இந்த மெஷினை ஒரு நாள் நிறுத்தி, முழுசாகக் கழற்றிப் பார்ப்போமா?" என்று கேட்க ஒரு ஆளும், அப்படிக் கேட்டால் அவர் வேலை போகாது என்ற தைரியமும்தான் தேவைப்பட்டது.

உணவுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை பார்க்கிற நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் இடத்தில் அந்த வரிசையை யார் வாசிக்கிறார்கள் என்று சொல்லுங்கள். தெரிந்துகொள்ள ஆசை.